மெத்தை போட்ட லொறி

சவப்பெட்டியின் தலைப்பக்கம் காம்பரா அறைக்குள் வந்துவிட்டது. கால்பக்கம் இன்னும் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றது. நடுவில் குறுக்கே நின்றது கம்ப்யூட்டர்.

சவம் பதப்படுத்தும் பெல்மதுளை மலர்ச்சாலையிலிருந்து வந்த ஆள், கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னான். சாய்த்தார்கள். வரவில்லை. பக்கத்து லயத்து வரிசைவீட்டுக்காரர் ஒருவர், நெட்டுக்க நிறுத்தினால் வந்துவிடும் என்றார். நாகலிங்கம் அறுபது வருஷமாக அந்த வாசலால் நெட்டுக்க நின்றுதான் வந்துபோனவர் என்பதால், அந்த யோசனை யாருக்கும் பெரிய பிழையாகப் படவில்லை. மருந்தேற்றி, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக் கொண்டுவந்திருந்தார்கள். நேற்றுப் பின்னேரம் மூச்சு இருந்தபோது ஒரு வாகனமும் மலையேறவில்லை. மூச்சு நின்ற பிறகு மலர்ச்சாலை வேன் மட்டும் கூப்பிட்ட உடனே வந்தது.

"இந்த எமன மொதல்ல வெளியில தள்ளுங்கடா" என்றார் சுரேந்திரன் மாமா. அவர் செத்தவரின் மனைவிக்குத் தம்பி. செத்தவருக்கு ஆண்பிள்ளை இல்லாததால் காலையிலிருந்து அவர்தான் பொறுப்பு. பொறுப்பு ஏறியதிலிருந்து அவர் யாரையும் உட்காரவிடவில்லை.

நாலு பேர் இயந்திரத்தில் கைவைத்தார்கள். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரே மகள் விஜயகலா எழும்பினாள்.

"கைய எடுங்க."

மாமா திரும்பிப் பார்த்தார்.

"ஊசிய பூட்டாம அசைக்கக் கூடாது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அப்பாவின் வாக்கியம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைத் தேய்த்துக் கழுவவேண்டும்போல் இருந்தது.

அந்த இயந்திரம் அலுமாரி உயரம். முழுக்க இரும்பு. வயிற்றுக்குள் மூன்று டிஸ்க் டிரைவ், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மூட்டைக் கனம். மூன்றையும் சேர்த்தாலும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனுக்குள் சொருகும் நகத்தளவுச் சாமானில் ஒரு மூலைக்குக் காணாது. அரசாங்கம் தோட்டங்களை நடத்திய காலத்தில், சம்பளக் கணக்குப் போட ரீஜனல் ஆபீசுக்கு அதை இறக்கினார்கள். அரசாங்கச் சாமான் என்பதால் எழும்புவதற்கே நேரம் எடுக்கும். நாகலிங்கம் அந்த அறைக்குத் தூசு தட்டப் போனவர். பிறகு பொத்தான் அமத்தப் பழகினார். அதன் பிறகு, தன்னைத் தவிர யாருக்கும் ஒழுங்காக அமத்தத் தெரியாது என்று சொல்லப் பழகினார். தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போனபோது இயந்திரத்தைப் பள்ளத்தில் தள்ளச் சொன்னார்கள். அவர் தள்ளவில்லை. துண்டு துண்டாகக் கழற்றித் தோளில் சுமந்து கொஸ்ஹேனத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி பூட்டி, முன் காம்பராவில் நிறுத்தினார். விஜயகலா பிறந்தபோது அது அங்கே இருந்தது. வீட்டுக்கு மூத்த பிள்ளை அதுதான்.

"பொணத்த வாசல்ல வச்சிக்கிட்டு ஊசிக்குப் பாக்கிறியா, கலா?" என்றார் மாமா.

அவள் திருப்புளியை எடுத்தாள். ஒவ்வொரு டிரைவாக மூடியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று தட்டு. அதன்மேல் மயிரிழைகூட ஓடாத இடைவெளியில் மிதக்கும் ஊசி. பூட்டாமல் அசைத்தால் ஊசி தட்டில் விழுந்து கோடு கிழித்துவிடும். மூன்று ஊசிகளையும் பின்னுக்கு இழுத்து, மூன்று ஆணிகளையும் இறுக்கினாள். அவளுடைய கைகள் அவளைக் கேட்காமலே அதைச் செய்தன. அந்தக் கைகளின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. மலர்ச்சாலை ஆள் பக்கத்தில் நின்றவரிடம், இது இந்தப் பக்கத்துச் சடங்கா என்று மெதுவாகக் கேட்டான். அவரும் சற்று யோசித்துவிட்டு, ஆமென்றார்.

இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெட்டியை உள்ளே எடுத்து ஸ்டூல்கள்மேல் வைத்தார்கள். தெற்கே தலை. தலைமாட்டில் குத்துவிளக்கு. குத்துவிளக்குக்குப் பின்னால் டிரைவுகளின் முகம்.

ஒவ்வொரு முகத்திலும் சோடா மூடி அளவில் ஒரு பொத்தான். அதில் 0, 1, 2 என்று நம்பர். அந்தப் பொத்தான் மூடியைக் கழற்றி மாற்றிப் போட்டால் டிரைவின் நம்பரும் மாறிவிடும். இயந்திரம் கண் விழித்ததும் முதலில் சைபரைத்தான் கூப்பிடும். சைபர் பதில் சொன்னால்தான் மற்றவற்றுக்கு மரியாதை. இரண்டு டிரைவுக்கு ஒரே நம்பர் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். இயந்திரம் ஒன்றும் விளங்காமல் மலைத்து நின்றுவிடும். நாகலிங்கம் உலகத்தை விளங்கிக்கொண்டது இவ்வளவையும் வைத்துத்தான். லயத்தில் சண்டை வந்தால், "ரெண்டு பேரும் சைபர் மூடிய மாட்டிக்கிட்டு நிக்கிறானுக" என்பார். வீட்டில் அவர் சைபர். மனைவி கருப்பாயி ஒன்று. விஜயகலா இரண்டு.

விஜயகலாவுக்குப் பதினாலு வயதில் அது நடந்தது. ஒரு தட்டில் பழைய ஆபீசின் எல்லாமே இருந்தது. இன்னொரு தட்டு வெறுமை. நிறைந்த தட்டு பழுதாகுமுன் வெறும் தட்டுக்குப் பிரதி எடுக்கவேண்டும் என்று அப்பா விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். மூடிகளை மாற்று என்றார். அவள் மாற்றினாள். மாற்றச் சொன்னதை அவரே மறந்துவிட்டு, பழைய நம்பரில் கட்டளையை அடித்தார். இயந்திரம் சொன்னதைச் செய்தது. வெறுமையை எடுத்து, ஓர் எழுத்துப் பிசகாமல், எல்லாவற்றின் மேலும் எழுதி முடித்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர், "என் மக மூடிய மாத்திப் போட்டுட்டா" என்று சொன்னார். அவள் போட்டது சரி என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவள் அந்தக் காம்பராவில் படித்தாள், சமைத்தாள், கொழுந்து பறிக்கப் போய்வந்தாள். இயந்திரம் ஓடினால் ரைஸ்குக்கர் ஓடாது; இரண்டையும் போட்டால் கரண்ட் போய்விடும். எத்தனையோ நாள் சோறு இயந்திரத்துக்காகக் காத்திருந்தது.

அதற்குப் பிறகு இயந்திரம் எழும்பும், ஒரு புள்ளியைக் காட்டும், சும்மா நிற்கும். செய்வதற்கு அதற்கு ஒரு வேலையும் இல்லை. பழைய தேயிலை ஸ்டோரைப் பழம்பொருள் காட்டும் நூதனசாலையாக மாற்றிக்கொண்டிருந்த தோட்ட மேனேஜர், புதுத் துரை, வந்து பார்த்துவிட்டு, வெள்ளைக்காரர்களுக்குக் காட்ட அது போதும் என்றாராம். குளிர்சாதன அறை, கண்ணாடித் தடுப்பு, பக்கத்தில் நீளக் காற்சட்டை போட்ட நாகலிங்கம். திறப்புவிழா இன்றைக்கு.

கருப்பாயி எழும்பிப் போய் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேத்தலைச் சொருகினாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டும். காலையிலிருந்து அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

தோட்டத்து ஆபீசிலிருந்து கஜேந்திரன் கிளாக்கர் மலர்வளையத்தோடு வந்தபோது வாசலில் தப்பு மேளம் ஓய்ந்திருந்தது. வளையத்தில் தோட்ட நிர்வாகத்தின் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாகவும் செத்தவரின் பெயர் சிறிதாகவும் இருந்தன. அவர் பெட்டியைச் சுற்றி வந்தார், கையெடுத்துக் கும்பிட்டார், துரைக்கு மிகவும் மனவருத்தம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி விஜயகலாவிடம், கொழும்பிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றும், விழாவை இனி நிறுத்த முடியாது என்றும், கம்ப்யூட்டர் சாமானை ஏற்ற லொறி வந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார். பிரேதம் எடுப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் முன்னாலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம்.

"எந்த லொறி?" என்றாள் விஜயகலா.

அவர் மலர்வளையத்தைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

நேற்று, விளக்கு வைத்த நேரத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் சரிந்தார். அவள் முதலில் போன் எடுத்தது இந்தக் கஜேந்திரனுக்குத்தான். லொறி கிடைக்காது என்றார். ஏன் என்று கேட்கவில்லை, கேட்க நேரமில்லை. பெல்மதுளையில் ஆட்டோ ஓட்டும் ஜவ்பர் நானாவைக் கூப்பிட்டாள். அவர் த்ரீவீலைக் கொட்டும் மழையில் ஏற்றி, சறுக்கிய இடத்தில் இறங்கித் தள்ளி, லயத்து வாசலுக்கு வந்தபோது அப்பா முடிந்திருந்தார். நானா கூலி வாங்கவில்லை. இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

"லொறி ஒடஞ்சிருக்குன்னு நெனச்சேன்" என்றாள். "நேத்து ஒடஞ்சிருந்த லொறி இன்னிக்கு எப்பிடிங்க வருது, கிளாக்கரய்யா?"

"ஒடையல தங்கச்சி."

"அப்ப?"

அவர் வெளியே போய்ப் பேசலாம் என்றார். அவள் அசையவில்லை. கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கஜேந்திரன் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"லொறிய கழுவி, மெத்த போட்டு ஷெட்ல நிறுத்தியிருந்திச்சு. மெத்த நனையக்கூடாது, ஸ்பிரிங் அசையக்கூடாதுன்னு... சாமான் ஏத்துற வரைக்கும் யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு ஆர்டர்."

"யாரு ஆர்டரு?"

"தொரதான் சொன்னாரு." வளையத்திலிருந்து ஓர் இதழைக் கிள்ளினார். "அப்பா சொல்லித்தான் தொர சொன்னாரு. ஆபீசுக்கு வந்து மேசையில தட்டித் தட்டிச் சொன்னாரும்மா. யாரு கேட்டாலும் லொறிய எடுக்கக் கூடாது, நானே வந்து கேட்டாலும் எடுக்கக் கூடாதுன்னு."

யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். தப்புக்காரர் அதைத் தனக்கான சைகை என்று நினைத்து ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

விஜயகலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மலர்ச்சாலைக்காரர்கள் அதில் கொஞ்சம் பவுடர் போட்டிருந்தார்கள். அவர் சொல்லியிருப்பார். மேசையில் தட்டியிருப்பார். அந்தக் குரல்கூட அவளுக்குக் கேட்டது. நம்பரை மாற்றச் சொன்னவரும் அவரே, மாற்றியதை மறந்தவரும் அவரே. இந்த முறை மகளைக் காட்டிக் குற்றம் சொல்ல வாய் மட்டும் இல்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கவேண்டும்போல் வந்தது. உலுக்கினால் இந்த வீட்டில் எல்லாரும் அதை அழுகை என்று எடுத்துக்கொள்வார்கள். அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"முப்பது வருஷமா அவரு ஆபீசுக்கு நடந்தாரு" என்றாள் கஜேந்திரனிடம். குரல் உயரவில்லை. "கூரைக்குத் தகரம் கேட்டாரு. கக்கூசுக்குக் கதவு கேட்டாரு. எனக்கு மலேரியா காய்ச்சல் மாதிரி குளுந்து நடுங்கினப்ப இதே லொறியக் கேட்டாரு. ஒண்ணையும் நீங்க காதுல போட்டுக்கல. அவரு சொன்னதுல இந்த ஒண்ண மட்டும் எப்பிடிங்க கேட்டீங்க?"

கஜேந்திரன் கெட்ட மனுஷன் அல்ல. மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவருக்கும், கீழே இருப்பவர் கேட்டதைக் குப்பைக்கூடைக்கும் அனுப்புவதுதான் அவருடைய உத்தியோகம்.

லொறி வந்தது. கல்யாணத்துக்குப் போவதுபோல் கழுவித் துடைத்திருந்தார்கள். ஏற்றி இறக்க வசதியாக மேல் கூடாரத்தைக் கழற்றியிருந்தார்கள். தட்டில் பங்களாவிலிருந்து வந்த தடித்த ஸ்பன்ஜ் மெத்தை, அதன்மேல் பொலித்தீன், நாலு மூலையிலும் புதுக் கயிறு. சுதாகரன் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். அவனும் இதே லயம், கடைக்கோடி காம்பரா. விஜயகலா லொறியடிக்குப் போனதும் கதவைத் திறந்து இறங்கி, செருப்பைக் கழற்றினான்.

நேற்று எங்கே இருந்தாய் என்று அவள் கேட்டாள்.

"ஷெட்லதான். சாவி கையில இருந்திச்சு." அவன் அவளைப் பார்க்கவில்லை. "கிளாக்கர் ஆர்டர் இல்லன்னாரு. நா எடுத்திருக்கணும் கலா. எடுத்திருந்தா வேல போயிருக்கும், அவ்வளவுதான். அது இன்னிக்குத்தான் வெளங்குது."

அவள் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேளாமலே மேலும் சொன்னான். முந்தாநாள் அவளுடைய அப்பா ஷெட்டுக்கு வந்து, மெத்தை சரியா என்று பார்க்க அதில் ஏறிப் படுத்தாராம். அப்படியே ஓட்டச் சொன்னாராம். லயத்திலிருந்து பழைய ஸ்டோர்வரை வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டே, எங்கே தூக்கி அடிக்கிறது, எங்கே நிறுத்தி இறக்கவேண்டும் என்று கத்திக்கொண்டே வந்தாராம். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் சிரித்தார்களாம்.

"நல்லா இருக்குன்னாரு" என்றான் சுதாகரன். "இதுல போனா ஊசிக்கி ஒண்ணும் ஆகாதுன்னாரு."

விஜயகலா வீட்டுக்குள் திரும்பினாள். கஜேந்திரனின் ஆட்கள் இயந்திரத்துக்குக் கயிறு கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"அத விடுங்க" என்றாள். "அப்பாவ ஏத்துங்க."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். விளங்கியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. கஜேந்திரன், லொறி நிர்வாகத்தின் சொத்து என்றார். மாமா, நாலு பேர் தோளில் போகவேண்டிய உடம்பை உரமூட்டைபோல் லொறியில் போடுவதா என்றார். சங்கத் தலைவர் ஒருவர் எழும்பி, தோளில் என்றால் தேயிலைக்குள்ளால் குறுக்குப் பாதை, லொறி என்றால் பங்களாவையும் பழைய ஸ்டோரையும் சுற்றித்தான் போகவேண்டும், அங்கே விழா நடக்கிறது என்று நினைவூட்டினார். அதைக் கேட்டதும் விஜயகலாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஆமா. அந்த வழியாத்தான் போறோம். நானும் போறேன்."

"பொம்பளப் புள்ள மயானத்துக்கு வர்றதா?" மாமாவுக்கு இப்போது கோபத்தை எதில் வைப்பது என்று தெரியவில்லை. "யாரக் கேட்டு?"

சுவரோரம் இருந்த கருப்பாயி தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏத்துங்கடா தம்பி" என்றாள். "அவருதான மெத்தையப் போடச் சொன்னாரு."

 வாய்க்கரிசி போட்டார்கள். மூடியை வைத்து இறுக்கினார்கள். எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மாமாதான் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். பெட்டி மெத்தையில் அமுங்கி உட்கார்ந்தது. புதுக் கயிற்றை நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினார்கள். கஜேந்திரன் இஸ்தோப்பில் நின்று போனில் துரையைத் தேடினார். லயத்தில் சிக்னல் வரும் ஒரே இடத்தில் தப்புக்காரர்கள் நின்றதால் அவர் சொன்னது அந்தப் பக்கம் கேட்டதோ என்னவோ.

தப்பு முன்னால் போனது. பின்னால் லொறி. அதன் பின்னால் ஆண்கள். விஜயகலா பெட்டிக்குப் பக்கத்தில் மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தூறல் தொடங்கியது. சுதாகரன் முதலாவது கியரிலேயே ஓட்டினான். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் நிறுத்தி, ஒரு பக்கச் சில்லை இறக்கி, பிறகு மறுபக்கத்தை இறக்கினான். பெட்டி ஒருமுறைகூடத் துள்ளவில்லை. இப்படி ஒரு லொறியை அந்தத் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்கள் பாதையோரம் ஒதுங்கித் மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை இறக்கினார்கள்.

பங்களாவைத் தாண்டும்போது அவள் மனதுக்குள் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். துரைக்குத் தமிழ் வராது, சிங்களத்தில் சொல்லவேண்டும். சிங்களத்தில் அவளுக்குக் கோபம் இன்னும் நன்றாக வரும். கடையிலும் பஸ்ஸிலும் பழகிய கோபம். லொறி வந்துவிட்டது, மாத்தயா. மெத்தை நனையவில்லை. ஸ்பிரிங் அசையவில்லை. இறக்கிக்கொள்ளுங்கள். அவர் என்ன இது என்று கேட்கவேண்டும்; உடனே தொடங்கவேண்டும். கேட்கும் இடத்தில் லொறியை நிறுத்தச் சொல்லி சுதாகரனிடமும் சொல்லியிருந்தாள்.

பழைய ஸ்டோர் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. நாடா கட்டியிருந்தது. எண்ணெய் விளக்கின்மேல் செயற்கைப் பூ. படிக்கட்டில் கொழும்பு ஆட்கள் குடைகளுக்குக் கீழே நின்றார்கள். அவர்களுக்கு நடுவில், வெள்ளைச் சட்டையோடு துரை. லொறி வளைவில் திரும்பியதைக் கண்டதும், இயந்திரத்தை இறக்க நின்ற இரண்டு பேர் சரிவுப் பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து லொறியின் பின்னால் சரியாகப் பொருத்திவிட்டார்கள். பொருத்திய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சுதாகரன் என்ஜினை நிறுத்தினான். தப்பு ஓய்ந்தது.

துரை படியிறங்கி வந்தார். விஜயகலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து அப்படியே நின்றார். தூறல் அவருடைய தலையில் விழுந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் காத்திருந்தாள். தொண்டைவரை வந்த சிங்களம் அங்கேயே நின்றது. 

பலகையை இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் விலகினார்கள். சுதாகரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். லொறி நகர்ந்தது.

அப்போதுதான் பின்னால் ஓர் ஆள் நடந்துவருவதை அவள் கவனித்தாள். கறுப்புச் சீருடை, புதுச் சப்பாத்து. நூதனசாலைக்கென்று எங்கிருந்தோ எடுத்த காவல்காரன். கையில் ஹோட்டல்களில் வைக்கும் பெரிய குடை. இயந்திரம் இறங்கும்போது நனையாமல் பிடிக்க அவனை நிறுத்தியிருக்கவேண்டும். லொறி நின்றபோதே ஓடிவந்து குடையை எக்கிப் பெட்டிக்கு மேலே பிடித்திருக்கிறான். மடக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் லொறி போகும் வேகத்துக்குக் கையை நீட்டி நீட்டி, சேற்றில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தான்.

எங்கே போகிறது என்று அவளிடம் சிங்களத்தில் கேட்டான்.

அவள் மலையின் மேலே கையைக் காட்டினாள்.

அவன் ஏறிட்டு ஏற்றத்தைப் பார்த்தான். குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். முதுகெல்லாம் நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. அடுத்த குழிக்காக சுதாகரன் நிறுத்தியபோது, விஜயகலா முழங்காலை மடக்கி, மெத்தையின் விளிம்பில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.